கடிக்க வரும் நாயை அடக்காமல் திருத்துவது எப்படி

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வளர்ப்பு நாய் ஒன்று வீட்டாரைப் பார்த்தே உறுமத் தொடங்கிவிட்டால், பக்கத்து வீட்டாரும் உறவினரும் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: எசமான் யார் என்பதை அதற்குக் காட்டிவிட வேண்டும். அதைப் பிடரியில் பிடித்து மல்லாத்தித் தரையில் அமுக்க வேண்டும், சங்கிலியைச் சுண்டி இழுக்க வேண்டும், தின்றுகொண்டிருக்கும் தட்டைப் பிடுங்கிக் காட்ட வேண்டும், வீட்டார் உண்ட பிறகே அதற்குச் சோறு வைக்க வேண்டும் என்று அந்த யோசனை நீளும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதால் தீமையும் இல்லை, பயனும் இல்லை. மற்றவை ஆபத்தானவை என்பதும், அவற்றைக் கைவிட்டு வேறு வழியில் சென்றால் பெரும்பாலான நாய்களைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடியும் என்பதும் என் உறுதியான கருத்து. அந்த வேறு வழியைச் செய்யும் வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன்.

முதலில் மனிதர், பிறகு நாய்

யாரையாவது நாய் ஏற்கனவே கடித்திருந்தால், பயிற்சியைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டுக் காயத்தைக் கவனியுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடியோ சுண்ணாம்போ காப்பித் தூளோ எதையும் அதன் மேல் வைக்கக் கூடாது. உடனே அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று, மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாள்களில் ஒரு தவணையும் தவறாமல் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் வருமளவுக்குப் பல் பதிந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். 'நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே' என்று நாளைக் கடத்துவது எந்த நிலையிலும் சரியன்று, ஏனெனில் அந்த நோய் முற்றி வெளிப்பட்ட பிறகு ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை.

அடுத்ததாக நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதாலேயே அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகள் சாதுவாக இருந்த நாய் திடீரென்று தொட்டவுடன் சீறுகிறது என்றால், காதுக்குள் சீழ், பல் சொத்தை, இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல், பார்வை மங்கல் என்று அதன் உடம்பில் ஏதோ ஒன்று இருக்கக்கூடும். வலியால் சீறும் நாயைப் பணிய வைக்க முயல்வது அந்த வலியின் மேல் இன்னொரு வலியை ஏற்றுவதாகும். காரணமின்றிக் கண்டதையெல்லாம் கடித்து, தள்ளாடி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகும் நாயாக இருந்தால், அதன் அருகில் யாரும் போகாமல் கதவைச் சாத்தி வைத்துவிட்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

எசமான் என்ற கருத்து எங்கிருந்து வந்தது

நாய் வீட்டின் தலைமையைப் பிடிக்கப் பார்க்கிறது, அதனால்தான் உறுமுகிறது என்ற விளக்கத்துக்கு ஓநாய் ஆராய்ச்சி ஒன்று மூலமாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947 இல் எழுதிய ஆய்வு, அவை ஓயாமல் மோதித் தமக்குள் மேல்நிலை, கீழ்நிலையை அமைத்துக்கொள்வதாகச் சொன்னது. அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1970 இல் வெளியிட்ட நூல் அந்தக் கருத்தைப் பரவலாக்கியது. ஆனால் அதே மீச், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களுக்கு அருகிலிருந்து கவனித்த பின், 1999 இல் தம் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் அடங்கிய ஒரு குடும்பமே. பெற்றோர் வழிநடத்துகின்றன, குட்டிகள் பின்செல்கின்றன, பதவிக்கான போர் அங்கே அன்றாட நிகழ்ச்சியன்று. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத விலங்குகளை ஒரே வேலிக்குள் அடைத்தபோது கண்ட சண்டையை அந்த விலங்கின் இயல்பு என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். விலங்குகளிடையே ஆதிக்கம் என்பதே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறு. ஓர் எலும்புக்காக இரண்டு நாய்கள் எதிர்ப்படும்போது பெரும்பாலும் எது விலகிக்கொடுக்கிறது என்பதை அறிவியலார் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். ஆனால் அது இரண்டு விலங்குகளுக்கு இடையே ஒரு பொருளைப் பற்றி அமையும் உறவே தவிர, ஒரு நாய்க்குள் குடியிருக்கும் குணம் அன்று. தன் தட்டுக்கு அருகில் வரும் குழந்தையைப் பார்த்து உறுமும் நாய் வீட்டை ஆள நினைக்கவில்லை. தட்டு பறிபோகும் என்று அஞ்சுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குத் தங்கள் நாய்களைக் கூட்டிவந்த 140 பேரிடம் மேகன் ஹெரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கேட்டு 2009 இல் வெளியிட்ட முடிவுகளை இந்த விவாதத்தில் ஈடுபடும் எவரும் அறிந்திருக்க வேண்டும். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர், அதற்கு நாய் திருப்பித் தாக்க முனைந்ததாகச் சொன்னார்கள். வாயிலிருந்து பொருளை வலிந்து பிடுங்கியவர்களில் 39 விழுக்காட்டினரும், மல்லாத்தி அமுக்கியவர்களில் 31 விழுக்காட்டினரும் அதையே சொன்னார்கள். இவை உரிமையாளர்களின் வாய்மொழிப் பதிவுகள். ஏற்கனவே சிக்கலோடு மருத்துவமனைக்கு வந்த நாய்களைப் பற்றியவை. எனவே எல்லா நாய்க்கும் இதே கணக்கு என்று நீட்ட முடியாது. ஆயினும் நீங்கள் திருத்த நினைப்பதும் அப்படிப்பட்ட நாயைத்தானே? மல்லாத்தும்போது உங்கள் முகம் அதன் பற்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

'அடித்தேன், நின்றுவிட்டது' என்பவருக்கு

அடக்கும் முறையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் அனுபவத்திலிருந்து வருவது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒத்தக்கடைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆண் இராசபாளையம் ஒன்று தட்டருகே யார் வந்தாலும் உறுமியது. அந்த வீட்டுப் பெரியவர், "தம்பி, நாய்க்கு அடிபயம் இருக்கணும். எங்க அப்பா காலத்துல ஒரு நாய் உறுமுனதா சொல்லு பாப்போம்" என்றார். கம்பெடுத்து இரண்டு முறை போட்டதில் உறுமல் நின்றும் போயிற்று. "ஐயா, உறுமுறதுதான் நின்னுருக்கு, தட்டு போயிரும்ங்கிற பயம் நிக்கலை" என்று சொல்லிப் பார்த்தேன். சில வாரங்களுக்குப் பிறகு, கீழே விழுந்த பந்தை எடுக்கக் குனிந்த பேரனின் கையை அது உறுமாமலேயே கவ்விவிட்டது.

இது தற்செயல் அன்று. கடிப்பதற்கு முன் நாய் பல படிகளில் எச்சரிக்கிறது: முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், பிறகு உடம்பு முழுவதும் அசைவற்று விறைக்கும், அதன் பிறகே உறுமல், பல் காட்டல், காற்றில் ஒரு கவ்வல், கடைசியில் கடி. உறுமியதற்கு அடி விழுந்தால், அந்த நாய் கற்றுக்கொள்வது உறுமுவது ஆபத்து என்பதை மட்டுமே. அச்சம் அப்படியே இருக்க, அதைச் சொல்லும் வழி மட்டும் அடைபட்டுப் போகிறது. மேலும், கம்பை எடுக்கும் பெரியவருக்கு அடங்கும் நாய், கம்பை எடுக்க முடியாத குழந்தைக்கும் பாட்டிக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அடங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தெருவில் அந்நியரைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் சங்கிலி இறுகினால், அந்நியர் வந்தால் கழுத்து வலிக்கும் என்றே அது பதிந்துகொள்ளும். நாம் நீக்க நினைத்த பகையை நாமே வளர்த்துவிடுகிறோம்.

ஆகவே உங்கள் நாய் உறுமினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் அதட்டாமல், கண்ணோடு கண் பார்க்காமல், செய்துகொண்டிருந்ததை நிறுத்திப் பக்கவாட்டில் ஓர் எட்டு விலகுங்கள். விலகினால் அதற்கு வெற்றியாகிவிடுமே என்று கேட்பார்கள். அந்தக் கணம் பயிற்சிக்குரிய நேரமன்று, யாரும் காயப்படாமல் முடிய வேண்டிய நேரம். பயிற்சியைப் பின்னர், நாய் அமைதியாக இருக்கையில், நீங்கள் ஏற்பாடு செய்த சூழலில்தான் தொடங்க வேண்டும்.

தொடங்கும் முறை

ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள். எந்த நேரம், எந்த இடம், யார் வந்தார், எவ்வளவு தொலைவில் வந்தபோது உடம்பு விறைத்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று எழுதி வந்தால், 'எல்லாரையும் கடிக்க வருகிறது' என்று தோன்றிய நாய் உண்மையில் தலைக்கவசம் அணிந்தவரையும் சிலிண்டர் உருட்டி வருபவரையும் மட்டுமே கண்டு வெகுள்கிறது என்பது போன்ற தெளிவு கிடைக்கும். வெயில் ஏறிய நேரத்திலும், தூக்கத்தில் எழுப்பியபோதும், பட்டாசுச் சத்தத்துக்குப் பின்னும் சீற்றம் கூடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தபடியாக, சீறிப் பழகும் வாய்ப்பைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறை குரைத்துப் பாய்ந்ததும் பால்காரர் போய்விடுகிறார், தபால்காரர் போய்விடுகிறார். அவர்கள் போவது தங்கள் வேலை முடிந்ததால் என்று நாய்க்குத் தெரியாது, தான் பாய்ந்ததால் என்றே எண்ணும். நம் பக்கத்து வீடுகளில் வாசல் கேட்டுக்கு அருகிலேயே நாயைச் சங்கிலியில் கட்டிப்போடும் வழக்கம் இந்தத் தவறான பாடத்தை நாள்தோறும் நடத்துகிறது. கட்டுமிடத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள்; கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ தென்னந்தட்டியாலோ மறைத்துத் தெரு கண்ணில் படாமல் செய்யுங்கள். நாள் முழுதும் கட்டியே கிடக்கும் நாய், விலக முடியாத காரணத்தாலேயே பாய்வதை மட்டும் வழியாகக் கொள்கிறது. எப்போதும் கட்டிப்போட்டிருக்கும் நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் விடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11 ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். காலை ஏழு மணிக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும், தரைச் சூடு தணிந்த நேரத்தில் நடக்க அழைத்துச் செல்லுங்கள். அது நினைத்த இடத்தில் நின்று முகர்ந்து பார்க்க விடுங்கள். சித்திரைத் திருவிழாக் காலத்தில் அழகர் வரும் பாதையை ஒட்டி வீடு இருப்பவர்களும், தீபாவளியில் எல்லாருமே, நாயை உள்ளறையில் சன்னல் சாத்தி வைப்பது அந்த நாள்களில் நடக்கும் கடிகளைத் தவிர்க்கும்.

இப்போது மையமான பயிற்சிக்கு வருகிறேன். இதன் நோக்கம் நாயின் நடத்தையை அமுக்குவது அன்று. அதற்கு அச்சமூட்டும் ஒன்றைப் பற்றிய அதன் எண்ணத்தையே மாற்றுவது. அந்நியரைக் கண்டு சீறும் நாயை எடுத்துக்கொள்வோம். உப்பும் காரமும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழி ஈரலையோ இறைச்சியையோ நகக்கண் அளவுக்கு நறுக்கி இடுப்பில் ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் தட்டில் கிடைக்கும் உணவாக அது இருக்கக் கூடாது. கழுத்தை இறுக்காத மார்புப் பட்டையைப் பூட்டி, உறுதியான வாரைக் கையில் பிடித்து, பழக்கமான இளைஞர் ஒருவரைத் திறந்தவெளியின் மறுகோடியில் தோன்றச் சொல்லுங்கள். அவர் கண்ணில் பட்டவுடன் ஈரல் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். அவர் மறைந்தவுடன் அவை நின்றுவிட வேண்டும். வரிசை மிக முக்கியம்: முதலில் ஆள், பிறகு ஈரல். ஈரலை முதலில் காட்டிவிட்டு ஆளை வரச்செய்தால், ஈரல் கிடைத்தால் ஆபத்து வரும் என்று நாய் ஈரலையே சந்தேகிக்கத் தொடங்கும்.

எவ்வளவு தொலைவு என்ற கேள்விக்கு நாயே விடை சொல்லும். ஆளைப் பார்க்கிறது, ஆனாலும் தின்கிறது, நீங்கள் கூப்பிட்டால் திரும்புகிறது என்றால் அதுவே சரியான தொலைவு. ஈரலை மூக்கருகே நீட்டியும் தின்னாமல் வெறித்துப் பார்த்தால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள், பேசாமல் பின்னால் போங்கள். ஒரு நேரத்துக்குச் சில நிமிடங்கள் போதும். ஆள் தோன்றியதும் நாய் தானாகவே உங்கள் முகத்தைப் பார்த்து 'எங்கே ஈரல்?' என்பதுபோல் நிற்கும் நாள் வரும்; அன்று ஓரிரு எட்டு நெருங்கலாம், அதற்கு முன் வேண்டாம். வந்தவர் கையாலேயே தின்னக் கொடுக்கச் செய்யும் பழக்கத்தை மட்டும் அறவே தவிருங்கள். இறைச்சிக்கு ஆசைப்பட்டு நெருங்கிவிடும் நாய், தின்று முடித்ததும் அந்நியர் முகத்துக்கு மிக அருகில் தான் நிற்பதை உணர்ந்து மிரண்டு கடித்துவிடும்.

தட்டைக் காக்கும் நாய்க்கும் இதே கொள்கைதான். தின்னும்போது கையை உள்ளே விட்டுப் பழக்குவது, தட்டைப் பிடுங்கித் திருப்பிக் கொடுப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அது விறைக்காத தொலைவில் கடந்து செல்லும்போது, நிற்காமல், சோற்றைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டை நோக்கி வீசிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். மனிதர் வந்தால் தட்டிலிருந்து எதுவும் போகாது, கூடுதலாகத்தான் வரும் என்பது பல வாரங்களில் அதற்கு விளங்கும். வாயில் கவ்விய செருப்பையோ எலும்பையோ வாங்க வேண்டுமானால், இறைச்சித் துண்டைச் சற்றுத் தள்ளிப் போட்டு, அது கீழே வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுங்கள். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. தட்டுக்கு அருகில் குழந்தைகளைப் பயிற்சியின் பெயரால்கூட அனுப்பக் கூடாது. தின்னும் நேரத்தில் கதவு சாத்திய தனி இடம் கொடுத்துவிட்டால், பல வீடுகளில் அதுவே போதுமானதாகிவிடுகிறது.

வாய்மூடி பழக்குவதை அவமானமாகக் கருத வேண்டாம். ஆனால் வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் வெயிலுக்கு ஆகாது, ஏனெனில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகையையே வாங்குங்கள். அதன் உட்புறத்தில் தயிரைத் தடவித் தானாக மூக்கை நுழைக்க விட்டு, பல நாள் கழித்து வாரை மாட்டி, உடனே கழற்றி, நேரத்தை மெல்ல நீட்ட வேண்டும்.

கண்டிப்பே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் விடை. உட்கார்ந்த பிறகே சோறு, நின்ற பிறகே கதவு திறப்பு, குதித்தால் கொஞ்சல் இல்லை என்ற ஒழுங்கை வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். இன்று மெத்தையில் ஏறலாம், நாளை ஏறினால் உதை என்ற குழப்பம் எந்த நாயையும் பதற்றத்தில் வைத்திருக்கும். அதே நேரத்தில், காவலுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இராசபாளையம், கோம்பை போன்ற நாட்டு நாய்கள் வருவோர் போவோரிடமெல்லாம் வாலைக் குழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்நியர் கடந்து போகும்போது சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே போதும். குட்டியாக வாங்குபவர்கள், மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரையான பருவத்தில் பலவகை மனிதரையும் ஓசைகளையும் இதமாக அறிமுகப்படுத்தினால் இந்த உழைப்பில் பெரும்பகுதி தேவைப்படாது.

உதவி தேடும்போது

பயிற்சியாளரை அமர்த்துவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு இறுக்குச் சங்கிலி, முள்பட்டை, மின்பட்டை, மல்லாத்துதல் என்று விடை வந்தால் நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள். உங்கள் கண் முன் பயிற்சி தராமல், ஒரு மாதம் விட்டுவிட்டுப் போங்கள் என்பவரிடமும் விடாதீர்கள். அச்சம் மிக முற்றிய நாய்க்குப் பதற்றத்தைக் குறைக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் எழுதித் தரக்கூடும். அது பயிற்சிக்குத் துணையாகும். மனிதருக்கான தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடக் கூடாது.

எல்லா நாயும் திருந்திவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எச்சரிக்காமல் ஆழமாகக் கடித்த நாயும் தவழும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில், நாயைப் பொறுப்பான, குழந்தைகள் இல்லாத வேறு வீட்டுக்கு மாற்றுவது பற்றியும், அதுவும் இயலாதபோது வேறு முடிவைப் பற்றியும் மருத்துவரோடு மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கும். கடிக்கும் என்று தெரிந்தும் நாயைக் கட்டுப்படுத்தாமல் விட்டுப் பிறர் உயிருக்கோ உடலுக்கோ கேடு நேர இடம் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291 ஆம் பிரிவில் குற்றம். அத்தகைய நாயை இரவோடிரவாக நான்குவழிச் சாலையிலோ கண்மாய்க் கரையிலோ இறக்கிவிட்டு வருவது நாய்க்கும் அந்த ஊராருக்கும் செய்யும் கொடுமை.

இடையில் சறுக்கல் வரும். ஒரு மாதம் அமைதியாகக் கிடந்த நாய், வீட்டில் விசேஷம் நடந்த மறுநாளோ பட்டாசு வெடித்த வாரத்திலோ பழையபடி சீறும். அப்போது கம்பைத் தேடாமல் நோட்டைப் பிரித்து, எந்தத் தொலைவில் கடைசியாக நிம்மதியாகத் தின்றது என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அந்தத் தொலைவைவிடச் சற்றுக் கூடுதலான இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். முதல்முறை எடுத்த காலத்தைவிட இம்முறை பெரும்பாலும் குறைவாகவே ஆகும்.